மேடம் மணி

செய்தி வந்தபோது நான் பம்பாயில், வடாலா ஸ்டேஷனில் பன்வேல் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். ஐரோலியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். போனில் சேகர் பேசினார். பத்மா மேடத்தின் தம்பி, மாதுங்காவில் இருப்பவர்.

"ஆறுமுகம் சார், அக்கா போயிட்டா. காபி கலந்து வெச்சிருக்கா, குடிக்கலை. நாற்காலியில உக்காந்தபடியே..." என்றார்.

சாவுச் செய்தி கேட்டால் மனிதர்கள் ஐயோ என்பார்கள், எப்படி என்பார்கள். நான் கேட்டது, "வித்யா கெளம்பிட்டாளா?" கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. இருபத்திரண்டு வருடம் டிக்கெட் ஆபீஸில் மேடத்தின் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவன் வாயில் வேறு கேள்வி எப்படி வரும்?

வித்யா மேடத்தின் ஒரே மகள். இமயமலைக்குள், காஸா என்ற ஊரில் பல் டாக்டராக இருக்கிறாள். அந்த வட்டாரத்துக்கே அவள் ஒருத்திதான் பல் டாக்டர் என்று மேடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார். விமானம் இறங்காத ஊர், ரயில் எட்டாத ஊர். மேடத்தின் கணவர் முன்பே போய்விட்டார். கொள்ளி வைக்க வேறு பிள்ளையும் கிடையாது. அவள் வந்து சேர்வாளா, அதுவரை இங்கே இருப்பவர்கள் காத்திருப்பார்களா, இந்த இரண்டு கேள்வியும் எனக்கு அந்த பிளாட்பாரத்திலேயே வந்துவிட்டன. வண்டியில் ஏறிக்கொண்டே வித்யாவைக் கூப்பிட்டேன். நாலாவது தடவை கிடைத்தாள்.

"அங்கிள், என்ன எடுத்துக்கறதுன்னே தெரியலை. ரூமுக்குள்ளயே சுத்திண்டிருக்கேன்."

"ஒண்ணும் எடுக்காண்டாம். ஆதார் கார்டு, சார்ஜர், ஒரு கம்பளி. வெளிய வந்து ஜீப்புல ஏறு. அழுகிறத வண்டியில அழும்மா."

"அம்மா சொல்ற மாதிரியே சொல்றேள்," என்றாள். அம்மா சொன்னதுதான். அந்த வாக்கியத்தில் என் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. ஏழு இருபத்தைந்துக்கு ஜீப் கிளம்பிவிட்டதாகச் செய்தி அனுப்பினாள். நான் ஐரோலியை மறந்து, மேடம் வீடு இருக்கும் செம்பூரில் இறங்கினேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் மேடத்திடம் டிக்கெட் போட்டவர்கள். செம்பூர் ஸ்டேஷன் பக்கம், மருந்துக் கடைக்கு மேல் மாடியில், இரண்டு மேஜையும் ஒரு ஃபேனும் இருந்த அந்த ஆபீஸின் மரப்படி உங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேராகச் சிரிக்காத, ஆனால் டிக்கெட்டை நீட்டும்போது "தண்ணி பாட்டில் எடுத்துக்கோங்கோ" என்று சொல்கிற ஒரு பெண்மணி உங்களுக்கு நினைவிருப்பார். அவர் என்ன வேலை செய்தார் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. டிக்கெட் போட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த இதழ் ஆசிரியரிடம் நானே இடம் கேட்டு வாங்கினேன்.

நான் தாராவிக்காரன். ரயில் ரிசர்வேஷனுக்கு விடியற்காலை வரிசையில் நின்று பிழைத்தவன். மேடம் மாதுங்காவில் பிறந்து வளர்ந்து, ஒரு விமானக் கம்பெனியின் நகர அலுவலகத்தில் பதினைந்து வருடம் உட்கார்ந்து, அது மூடியபின் இங்கே வந்தவர். வீட்டில் பாலக்காட்டுத் தமிழ், வெளியே நறுக்கான ஆங்கிலம். முதல் நாள் என்னைப் பார்த்து, "ஃபாரம் ரொப்பத் தெரியுமோ?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது. "ரொப்பவும் தெரியும், ரொப்பினதக் கிழிக்கவும் தெரியும்," என்றேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு மாதம் ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் சண்டை. பிறகு அவர் டப்பாவில் எனக்கும் சேர்த்து இட்லி கொண்டுவர ஆரம்பித்தார், நான் அவருக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் சொல்ல ஆரம்பித்தேன். ஃபேன் சண்டை மட்டும் கடைசிவரை தீரவில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது வந்து, "இந்த ஊருக்கு ஃப்ளைட்ல எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டார். "பறக்கற நேரத்தை பைலட் பாத்துப்பான். உங்க வாசல்லேந்து அவா வாசலுக்கு எவ்வளவுன்னு கேளுங்கோ," என்பார். பிறகு ஒரு முழுத்தாளை எடுத்து மேலே இரண்டு ஊர்ப் பெயரையும் எழுதி, கீழே ஒவ்வொரு வரியாகப் பயணத்தை எழுதுவார். ஜீப் எத்தனை மணிக்கு நிரம்பும், மலைப்பாதையில் எந்த இடத்தில் ஒரு வழி மட்டும் விடுவார்கள், விமான நிலையத்தில் வரிசை எவ்வளவு, இறங்கியதும் ஆட்டோ கிடைக்குமா, கிடைக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது. கடைசியில் ஒரே ஒரு மணியை எழுதி வட்டம் போடுவார். அதோடு முடியாது. பயணி போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். அவர் வட்டம் போட்ட மணிக்குப் பக்கத்தில் "வந்தது" என்று உண்மையான மணியை எழுதி ஒரு டிக் அடிப்பார். இரண்டும் கால் மணிக்கு மேல் விலகினால் அன்று முழுக்க முகம் சரியாக இருக்காது. "ஏன்னு பாக்கணும் ஆறுமுகம்," என்று தாளை மறுபடி முதலிலிருந்து படிப்பார்.

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் எந்த மலையிலும் ஏறியதில்லை. செம்பூர், மாதுங்கா, வருடத்துக்கு ஒரு முறை பாலக்காடு, அவ்வளவுதான். ஆனால் அவருடைய பழைய விலாசப் புத்தகத்தில் தேஸ்பூர் டாக்ஸி ஸ்டாண்ட் இருந்தது, லடாக்கில் ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது, அந்தமானில் படகுத்துறைப் பக்கத்து வெற்றிலைக் கடை இருந்தது. ஒரு வேலையும் இல்லாத மத்தியானங்களில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ரோடு எப்படி இருக்கிறது, பாலம் கட்டி முடித்தாகிவிட்டதா, பையன் பாஸ் பண்ணினானா என்று இந்தியில் விசாரிப்பார். அவர்கள் எல்லோருக்கும் அவர் பத்மா தீதி, பத்மா அக்கா. ஆபீஸ் போன் பில்லைப் பார்த்து முதலாளி முனகுவார். மேடம் காதில் விழாத மாதிரி இருப்பார்.

இதன் அருமை எனக்கே ஒரு கணேசனால்தான் புரிந்தது.

கணேசன் திசையன்விளைக்காரன். அருணாசலப் பிரதேசத்தில், தவாங்கில், ரோடு போடுகிற இயந்திரங்களுக்கு மெக்கானிக். ஏழெட்டு வருடம் முன்னால் ஒரு சித்திரை மாதம் விடியற்காலையில் அவன் அம்மா ஊரில் இறந்துபோனார். கணேசனின் மச்சான் செந்தூர்பாண்டி தாராவியில் தையல் பட்டறை வைத்திருப்பவர். அவர் போனில் இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டுப் பார்த்திருக்கிறார். ஏதோ ஒரு வலைப்பக்கம், தவாங்கிலிருந்து திசையன்விளை இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பறக்கும் நேரம் மூன்று மணி நாற்பத்தைந்து நிமிடம் என்று காட்டியிருக்கிறது. அவர் உடனே ஊருக்குப் போன் போட்டு, பையன் மத்தியானத்துக்குள் வந்துவிடுவான், சாயந்திரம் நாலு மணிக்கு எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். ஊரில் கேதம் சொல்ல ஆளும் அனுப்பியாகிவிட்டது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சாவுச் செய்தியோடு எடுக்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். சொன்னால் சொன்னதுதான், அந்த நேரத்துக்கு நாலு ஊர் சனம் வந்து நிற்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு டிக்கெட் போட எங்களிடம் வந்தார் செந்தூர்பாண்டி. "தவாங் டு திசையன்விளை ஒண்ணு போடுங்க அண்ணாச்சி," என்று என் மேஜையில் போனை நீட்டினார். நான் பார்த்தேன். அழகாகக் கோடு போட்டு, நடுவில் ஒரு குட்டி விமானப் படம்கூட இருந்தது.

மேடம் எட்டிப் பார்த்தார். "ரெண்டு ஊர்லயும் ஏர்போர்ட்டே கிடையாதே. எங்கேருந்து பறக்கறான்?" என்றார்.

"மேடம், போன்ல போட்டிருக்குல்லா?"

"அது கொக்குக்குப் போட்ட கணக்கு. உங்க மச்சினன் இப்போ எங்க இருக்கான்? கெளம்பச் சொல்லுங்கோ. முதல்ல ஆள் வாசலைத் தாண்டணும், அப்புறம்தான் கணக்கு. அழறதை வண்டியில அழட்டும்."

கணேசன் தவாங்கிலிருந்து கிளம்பினான். மேடம் தாளை எடுத்தார். தவாங்கிலிருந்து கௌஹாத்தி மலைப்பாதையில் பதினான்கு மணி நேரம். இரவு விமானத்தில் சென்னை. காலை விமானத்தில் தூத்துக்குடி. அங்கிருந்து கார். மறுநாள் காலை பதினொன்று என்று வட்டம் போட்டார். நாலு மணிக்கு என்று கேதம் சொன்ன பிறகு மாற்றுவது லேசான காரியம் இல்லை. செந்தூர்பாண்டி ஊருக்குப் பேசப் பயந்தார். மேடமே போனை வாங்கிக்கொண்டார். எதிர் முனையில் கணேசனின் பெரியப்பா.

"யாரும்மா பேசுதது?"

"பம்பாய்லேந்து, டிக்கெட் ஆபீஸ். உங்க பையன் நாளைக்குக் காலம்பற பதினோரு மணிக்கு வருவான். அதுவரை எடுக்காதேங்கோ. பதினொண்ணரைக்கு எடுத்துக்கலாம்."

"நல்லாருக்கே! ஊரெல்லாம் சொல்லி விட்டாச்சி. வெயிலு பாத்துக்கிடுங்க, சித்திர மாசம். உடம்பு தாங்காது."

"ஐஸ் பெட்டி வெச்சாச்சோ?"

"வந்துக்கிட்டு இருக்கு."

"கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கோ? இல்லேன்னா இப்பவே சொல்லி வெச்சுடுங்கோ. அவன் தூத்துக்குடியில எட்டரைக்கு இறங்குவான், ஒன்பது மணிக்குக் கார்ல ஏறுவான். ஒவ்வொரு இடத்துலயும் நான் உங்களுக்குப் போன் பண்றேன். ஒரே பிள்ளை. அம்மா முகத்தைப் பாக்க ரெண்டு நாள் ஓடி வரான். நாலு ஊர் சனம் நாளைக்கு இன்னொரு தடவை வரும். அம்மா இன்னொரு தடவை இருக்க மாட்டா."

"சரி, நீங்க சொல்லுத மணி தப்பிரக் கூடாது," என்றார் பெரியப்பா.

மணி தப்பவில்லை. சொன்ன இடத்திலெல்லாம் மேடம் போன் பண்ணினார். கணேசன் வீட்டு வாசலில் இறங்கியது பத்து ஐம்பத்தைந்துக்கு. மேடம் "வந்தது 10.55" என்று எழுதி டிக் அடித்ததை நான் பார்த்தேன். அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏதோ நானே ஓட்டிக்கொண்டுபோய் விட்ட மாதிரி தாராவி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு மாதம் கழித்து கணேசன் ஒரு பை கருப்பட்டியோடு ஆபீஸுக்கு வந்தான். ஒல்லியான, அதிகம் பேசாத பையன். மேடத்தைக் கும்பிட்டான். உட்கார்ந்து டீ குடித்தான். கிளம்பும்போது, குறையாக இல்லை, சும்மா சொல்கிற மாதிரி, "நீர்மாலைக்கு மட்டுந்தான் நிக்க முடியல மேடம். நான் போகும்போது முடிஞ்சிட்டு," என்றான்.

"நீர்மாலைன்னா என்னது?" என்றார் மேடம்.

கணேசன் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். எங்கள் ஊரில் உடலைக் குளிப்பாட்ட, மகனும் பங்காளிகளும் குடம் எடுத்துப்போய்த் தண்ணீர் கொண்டுவருவார்கள், மேலே வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், எடுப்பதற்கு முன் அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். மேடம் பதினொன்றுக்கு வருவான், பதினொன்றரைக்கு எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். ஊர்க்காரர்கள் அதை அப்படியே வைத்துக்கொண்டு, பையன் வந்ததும் எடுக்கத் தயாராக இருக்க வேண்டுமே என்று பத்து மணிக்கே பெரியப்பா மகனை வைத்து நீர்மாலையை முடித்துவிட்டார்கள். இரண்டு நாள் ஓடிவந்தவன் அம்மா முகத்தைப் பார்த்தான். அம்மாவுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற அவனுக்கு வாய்க்கவில்லை.

கணேசன் போன பிறகு மேடம் என் பக்கம் திரும்பினார்.

"ஆறுமுகம், நீங்கோ திருநெல்வேலிப் பக்கம்தானே? இப்படி ஒண்ணு இருக்குன்னு ஏன் சொல்லலை?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் மேடம்."

"எனக்கு எப்படித் தெரியும்? நேக்கு ஃப்ளைட் தெரியும்."

உண்மைதான். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பதினொன்றரை என்று போனில் சொன்னதை என் காதால் கேட்டேன். நீர்மாலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் வேகத்தைப் பார்த்து மலைத்துப்போய் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மேடம் கேட்டுக்கொண்டு, "இல்லை, தப்பு என்னோடது. வாசல் வரைக்கும் எண்ணினேன். வாசலுக்கு அப்புறமும் நேரம் ஓடறதுன்னு தோணலை," என்றார். பிறகு அந்தத் தாளைத் தேடி எடுத்து, தான் அடித்திருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தார். வேறு யாராவது என்றால் வந்து சேர்ந்துவிட்டானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மறுநாளிலிருந்து அவருடைய தாளில் இரண்டு பத்திகள் வந்தன. இடது பக்கம் "வரும் மணி". அது அவருடையது. வலது பக்கம் மேலே "ஆறுமுகம்" என்று என் பெயர். கீழே எடுக்கும் மணி. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி, மதத்துக்கு மதம் என்ன முறை, எவ்வளவு நேரம் பிடிக்கும், பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டுமா, ஜெபம் எத்தனை மணிக்கு, இதையெல்லாம் நான் விசாரித்து அந்தப் பத்தியை நிரப்ப வேண்டும். நான் நிரப்பாமல் எந்தத் தாளும் எங்கள் மேஜையைத் தாண்டியதில்லை. என் இத்தனை வருட வாழ்க்கையில் என் பெயரை யாரும் ஒரு பத்திக்குத் தலைப்பாகப் போட்டதில்லை. ரேஷன் கார்டில்கூட எழுத்துப் பிழை.

அதற்குப் பிறகு தாராவியிலும் பாண்டுப்பிலும் வடாலா சால் குடியிருப்புகளிலும் ஒரு வழக்கம் ஏற்பட்டது. கேதம் சொல்வதற்கு முன் எங்கள் ஆபீஸுக்குப் போன் வரும். "பையன் மஸ்கட்டுக்கு அந்தப் பக்கம் பாலைவனத்துல இருக்கான் அண்ணாச்சி, மேடம் மணி என்ன?" என்பார்கள். மேடம் மணி என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்த மணியைச் சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் மறு பேச்சுப் பேச மாட்டார்கள். இந்த நகரத்தில் நம் ஆட்கள் எத்தனையோ பேர் பெரிய பதவிகளில் இருந்தார்கள், போனார்கள். ஒரு பெண்மணி மாடியில் உட்கார்ந்து ஒரு மணியைச் சொல்ல, ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு ஊரே காத்திருந்தது என்று வேறு யாரைப் பற்றியாவது சொல்ல முடியுமா? எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

செம்பூரில் இறங்கி நேரே மேடம் வீட்டுக்குப் போகவில்லை. ஆபீஸ் சாவி என்னிடம் இருந்தது. மேலே ஏறி அவருடைய இரும்பு அலமாரியைத் திறந்தேன். காஸாவுக்கு நானே ஒரு தாள் போடலாம், மணாலி தாள் ஒன்று பழையது இருக்கும், அதை வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைத்தேன். தாள்களை எட்ட இருக்கும் ஊர்ப் பெயர் வரிசையில் அடுக்கியிருப்பார். மணாலிவரை போக வேண்டியிருக்கவில்லை. காஸா – செம்பூர் என்று ஒரு தாள் அங்கே இருந்தது. வித்யா அந்த ஊருக்குப் போன வருடம் எழுதியது. பிறகு மூன்று முறை வேறு வேறு மையில் திருத்தியிருந்தார். யார் சாவுக்கு யார் வருகிற கணக்கு என்று அதில் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

"காலை ஏழரைக்குள் கிளம்பினால் மறுநாள் 9.45. ஏழரை தாண்டினால் காலை விமானம் போய்விடும், மறுநாள் பிற்பகல் 3." வட்டம் போட்டிருந்தது. வலது பக்கம் ஆறுமுகம் என்ற தலைப்பின் கீழே காலியாக இருந்தது. அதற்கும் கீழே, பனிக்காலம் என்று போட்டு நாலைந்து வரி. அதைப் படித்தேன். படித்துவிட்டு, அந்தக் கீழ்ப்பகுதி வெளியே தெரியாதபடி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மேடம் வீட்டில் சேகர் சாஸ்திரிகளோடு பேசிக்கொண்டிருந்தார். "போன்ல பாத்தேன், ஃப்ளையிங் டைம் ரெண்டு மணி இருபது நிமிஷம்தான் போட்டிருக்கு. மூணு மணிக்கு வந்துடுவா. அஞ்சு மணிக்கு எடுத்துடலாம் மாமா," என்றார். மேடத்தின் கூடப் பிறந்த தம்பி! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அது கொக்குக்குப் போட்ட கணக்கு என்று சொன்னேன். நாளைக் காலை ஒன்பதே முக்கால் என்றேன்.

"நாளைக்கா? இந்தப் புழுக்கத்துலயா? பனி விலகிக் கணவாய் திறந்து நாலு நாள்தான் ஆறதுன்னு வித்யாவே சொன்னாளே. வழியில ஏதாவது ஆச்சுன்னா? என் பையன் கண்ணன் பூனாலேந்து பதினோரு மணிக்கு வந்துடுவான். அவன் பண்ணட்டும். வித்யா அப்புறமா வந்து..."

"அப்புறமா வந்து எதைப் பாக்கட்டும் சார்? கழுவி விட்ட தரையவா?" என் குரல் உயர்ந்துவிட்டது. கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே மேடம் படுத்திருக்கிறார், நான் கத்துகிறேன். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மடிப்பை விடாமல் பிடித்துக்கொண்டு சேகரிடம் நீட்டினேன்.

அவர் அக்காவின் எழுத்தைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "அக்காவே போட்டு வெச்சிருக்காளா?" என்றார். பிறகு சாஸ்திரிகளிடம், "காத்திருப்போம் மாமா. அக்கா மணி தப்பாது," என்றார்.

"பொண்ணே பண்ணட்டும், நான் மந்திரம் சொல்றேன்," என்றார் சாஸ்திரிகள். அவள் வந்தபின் எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டேன். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ஒன்றே கால் மணி நேரம் என்றார். தாளின் வலது பத்தியில் 11 என்று எழுதினேன். அந்தப் பத்தியில் நான் விசாரித்து எழுதியதை அவர் சரிபார்க்காதது அதுதான் முதல் தடவை.

அதற்குமேல் செய்ய வேண்டியதும் தாளிலேயே இருந்தது. எந்த இடத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எண்ணோடு எழுதியிருந்தார். பத்து மணிக்கு மேல் வித்யாவின் போன் எடுக்கவில்லை. சேகர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளில், "லோசர், டீக்கடை அம்மா" என்று இருந்தது. கணவாய்க்கு முன்னால், காஸா பக்கத்தில் கடைசிக் கிராமம். கூப்பிட்டேன். ஜீப் அரை மணி முன்பே தாண்டிவிட்டது, பாதை சுத்தமாக இருக்கிறது, பெண் எதுவும் சாப்பிடவில்லை, டீ மட்டும் கொடுத்தேன் என்றார் அந்த அம்மா. என் உச்சரிப்பைக் கேட்டு, பம்பாயா என்றார். ஆமாம் என்றேன். "பத்மா தீதி நல்லா இருக்காங்களா?" என்று இந்தியில் கேட்டார். வித்யா அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. என்னாலும் சொல்ல முடியவில்லை. தீதி வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை கட்டிடத்து வாசலில் டாக்ஸி நின்றபோது நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நாற்பது. இரண்டு மலை, ஒரு கணவாய், ஒரு விமானம், சயான் டிராஃபிக் எல்லாம் தாண்டி, வட்டம் போட்ட மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் வித்யா படியேறினாள். கம்பளி இன்னும் தோளில் கிடந்தது. சேகர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இழவு வீட்டில் அப்படி ஒரு பெருமிதம் வரலாமா என்று தெரியாது. வந்தது. வித்யா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள், குளித்துவிட்டு வந்தாள், எல்லாவற்றையும் தன் கையால் செய்தாள். பதினொன்றுக்கு எடுத்தோம்.

பதின்மூன்றாம் நாள் முடிந்து ஊர் திரும்புவதற்கு முன் வித்யா ஆபீஸுக்கு வந்தாள். நான் தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, முழுதாக அவள் கையில் கொடுத்தேன். கீழே இப்படி இருந்தது: "பனிக்காலம். கணவாய் மூடியிருக்கும். சுற்றி வர எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. காத்திருக்க வேண்டாம். கண்ணன் பண்ணட்டும். வித்யா அந்த ரோட்டில் அவசரப்பட்டு வரக் கூடாது."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். "ஊருக்கெல்லாம் காத்திருங்கோன்னு சண்டை போட்டவ," என்றாள். தாளிலிருந்து நிமிர்ந்து, "இதை மாமாகிட்ட காட்டலையா அங்கிள்?"

"காட்டல. கணவாய் திறந்திருந்துதுல்லா. அந்தப் பாதி அன்னைக்குத் தேவைப்படல."

அவள் தாளை மறுபடி மடித்து என் மேஜையில் வைத்தாள். "இது ஆபீஸ் பேப்பர். இங்கயே இருக்கட்டும்," என்றாள்.

போன வாரம்கூடப் பாண்டுப்பிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். தமிழ் சரியாக வரவில்லை, பாதி இந்தி. அப்பா இறந்துவிட்டார், அண்ணன் சிக்கிமில் இருக்கிறான், "அங்கிள், மேடம் மணி கித்னா?" என்றான். மேடம் யார் என்று அவனுக்குத் தெரியாது. மணி சொன்னேன், அண்ணன் வந்து சேர்ந்தான். இப்போது இடது பத்தியையும் நான்தான் நிரப்புகிறேன். அவர் அளவுக்கு வரவில்லை, இருபது நிமிடம் முன்பின் ஆகிறது. ஏன் என்று பார்க்கிறேன். ஃபேனை மட்டும் அவர் நாற்காலிப் பக்கமே திருப்பி விட்டிருக்கிறேன்.

மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் காஸா தாள் ஒன்றைத்தான். வித்யா போன பிறகு பேனாவை எடுத்தேன். அவர் மணிக்குப் பக்கத்தில் "வந்தது 9.40" என்று எழுதி, டிக் அடித்தேன்.